எழுதும்போது காலி

லியேபாயாவில் கால்வாயோரம் ஒரு பழைய உப்புக் கிடங்கு.
வங்கிகள் கழித்துவிட்ட கணினிகள்
இங்கே வந்து, துடைக்கப்பட்டு,
வேறு பெயரோடு வெளியேறுகின்றன
பள்ளிகளுக்கு, இரண்டு நூலகங்களுக்கு,
ஒருமுறை ஓர் இழுவைக் கப்பலுக்கும்.

பகலில் நான். ஆறு மணிக்குமேல் மோட்ரிஸ்.
நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும்
பென்டிரைவ் மேல் ஒட்டிய காகித நாடாவில்தான்.

‘புதியது’ என்று அவன் எழுதினான்.
அடுத்த மாதம் நான், ‘மிகப் புதியது’.
அதற்கடுத்து அவன், ‘இதுதான் புதியது, மற்றதைத் தொடாதே’.
எது மற்றது?
டப்பாவில் இருபத்தேழு கிடக்கின்றன.
பிஸ்கட் டப்பா. மூடியில் ஒரு குடும்பம்
பனிச்சறுக்கு வண்டியிலிருந்து இன்னும் சிரிக்கிறது.

டிரைவின் உள்பெயருக்குப் பதினோரு எழுத்துதான் இடம்.
பதிப்பு எண்ணை எழுதினால் மொழி விடுபடும்;
மொழியை எழுதினால்
முப்பத்திரண்டா அறுபத்து நான்கா, தெரியாது.
மோட்ரிஸ் ஒன்றுக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிட்டிருந்தான்.
செருகிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஏறியது.
எதற்கு வேண்டாம் என்று சொல்ல
எழுத்து மிஞ்சவில்லை போலும்.

இறக்கிய கோப்பின் சரிபார்ப்புக் கோவையும் அறுபத்து நான்கு எழுத்து.
முழுதும் ஒப்பிட வேண்டும்.
நாங்கள் முதல் நான்கும் கடைசி நான்கும் பார்ப்போம்,
தெருவில் போகிறவரைத்
தொப்பியும் காலணியும் வைத்து இன்னாரென்று சொல்வதுபோல.
இதுவரை ஏமாறவில்லை.
ஏமாந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அந்த பிப்ரவரி செவ்வாய்
காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஐஸ்புட்டே பள்ளிக்குப் பதினெட்டு இயந்திரங்கள்,
மறுநாள் காலை வண்டி.
ஒரே டிரைவை வைத்து வரிசையாக ஏற்றினால் விடிந்துவிடும்.
டப்பாவைக் கிளறினேன்.
நீல நிறம். மோட்ரிஸின் சாய்ந்த கையெழுத்து:
‘காலி’.

திரையில் இரண்டு வரி.
இரண்டும் பதினான்கு புள்ளி ஒன்பது.
பதினாறு என்று விற்றவன் எங்கோ நிம்மதியாகத் தூங்குகிறான்.
பிடுங்கினேன், எந்த வரி மறைகிறது என்று பார்த்தேன்,
மறுபடி செருகினேன்,
வந்த வரியை விரலால் தொட்டு உறுதி செய்தேன்.
எல்லாம் முறைப்படி.
உள்ளே என்ன என்று மட்டும் பார்க்கவில்லை.
காலிக்குள் என்ன பார்ப்பது?

ஆறு நிமிடம்.
முடிந்தது என்றது திரை.

மோட்ரிஸ் வந்து கையுறையைக் கழற்றாமலே
டப்பாவைத் துழாவினான்.
நீலம் எங்கே?

அவன் மகள் ரூட்டாவின் பாடற்குழு ஒத்திகை.
நாற்பது நிமிடக் காணொளி.
வெள்ளியன்று வேறெதுவும் கைக்குக் கிடைக்கவில்லையாம்.

நாடாவைக் காட்டினேன்.
வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல
வெகுநேரம் பார்த்தான்.
‘எழுதும்போது காலியாகத்தான் இருந்தது’ என்றான்.

மீட்பு நிரலை இரவெல்லாம் ஓடவிட்டு,
அது தேடட்டும் என்று
பதினெட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றினோம்.
ஒரே ஷிப்டில் நாங்கள் இருவரும் நின்றது அன்றுதான்.
அவன் விசில் அடிப்பவன் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் கோப்பு எட்டாத வால்பகுதியில்
பத்தொன்பது விநாடி பிழைத்திருந்தது.
ஒரு நாற்காலி இழுபடுகிறது.
ஒரு பெண், ‘மறுபடி’ என்கிறாள்.
முப்பது பிள்ளைகள் ஒன்றாக மூச்சை இழுக்கிறார்கள்.
அவ்வளவுதான்.
மோட்ரிஸ் மூன்று தடவை போட்டுப் பார்த்தான்.

இப்போது தேதி எழுதுகிறோம்.
யார் திறந்து பார்த்தது என்றும்.
அதற்குப் பிறகு நாடாவில்
என்ன இருக்கிறது என்று எழுத இடமில்லை.

நீலம் சாவிக்கொத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.
அதன்மேல் எதுவும் ஒட்டவில்லை.
யாரும் அதைத் தவறி எடுப்பதில்லை.